வீட்டுக்கு ஒரே ரிமோட்: வாங்குவதற்கு முன்பும் வாங்கிய பிறகும் செய்ய வேண்டியவை

யுனிவர்சல் ரிமோட் வாங்கப் போகும் பலரும் அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். '4 இன் 1', '8 இன் 1', ஏர்கோன் ரிமோட் என்றால் '1000 இன் 1'. அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உங்கள் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு பெட்டியும் கட்டளையை எந்த வழியில் வாங்குகிறது, அந்த ரிமோட்டை அதிக நேரம் கையில் வைத்திருக்கப் போவது யார், இந்த இரண்டும் தெரிந்த பிறகு கடைக்குப் போனால் 20 ரிங்கிட் ரிமோட்டே போதும் என்று முடியலாம், சில வீடுகளில் எதுவுமே வாங்க வேண்டாம் என்றுகூட முடியலாம்.

கோலாலம்பூரில் ஒரு சாதாரணத் தமிழ் வீட்டு ஹாலை எடுத்துக்கொள்ளுங்கள். செந்தூல் அடுக்குமாடியோ கெப்போங் பக்கம் ஒரு தாமான் வீடோ, எதுவாக இருந்தாலும் சரி. டிவிக்கு ஒரு ரிமோட், ஆஸ்ட்ரோ சாட்டிலைட் டிவி டீகோடருக்கு ஒன்று, சவுண்ட்பாருக்கு ஒன்று, யூடியூப் பார்க்க வாங்கிய ஆண்ட்ராய்டு பெட்டிக்கு ஒன்று, ஏர்கோனுக்கு ஒன்று, சீலிங் ஃபேனுக்கு ஒன்று. மாலையில் பாட்டி 201ஆம் சேனலில் வானவில் பார்க்க உட்காருவார், முந்தின ராத்திரி பேரன் எச்டிஎம்ஐ 2இல் விட்டுவிட்டுப் போன டிவி 'சிக்னல் இல்லை' என்று நிற்கும், வேலையில் இருக்கும் மகளுக்கு போன் போகும். அந்த போன் வராமல் இருக்க வேண்டும். ரிமோட் தேர்வு செய்யும்போது நான் பார்ப்பது அதைத்தான்.

முதலில் ஒரு கணக்கெடுப்பு

எல்லா ரிமோட்டையும் சோபாவில் வரிசையாக வையுங்கள். போன் கேமராவைத் திறந்து, ஒரு ரிமோட்டின் முனையைக் கேமராவுக்கு நேராகப் பிடித்து ஒரு பட்டனை அழுத்துங்கள். முனையில் உள்ள சின்ன பல்பு திரையில் ஊதாவாகவோ வெள்ளையாகவோ படபடவென்று மின்னினால் அந்தப் பட்டன் இன்ஃப்ராரெட் வழியில் வேலை செய்கிறது. வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, ஏனென்றால் இந்த ரிமோட்டுகள் பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி விடுகின்றன, அது நம் கண் பார்க்கும் எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஐபோன் என்றால் பின்பக்கக் கேமரா இந்த ஒளியைப் பெரும்பாலும் வடிகட்டிவிடும், செல்ஃபி கேமராவில் பாருங்கள், தெரியும்.

ஒரே ஒரு பட்டனை மட்டும் அழுத்திப் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஃபயர் டிவி ஸ்டிக், கூகுள் டிவியுடன் வந்த குரோம்காஸ்ட் மாதிரியானவற்றின் ரிமோட்டில் பவரும் வால்யூமும் இன்ஃப்ராரெட்டில் டிவிக்குப் போகும், ஆனால் அம்புக்குறி, ஓகே, ஹோம் எல்லாம் புளூடூத்தில் போகும், அதனால் வால்யூமை அழுத்தினால் மின்னும், ஹோமை அழுத்தினால் ஒன்றும் தெரியாது. சாம்சங் ஸ்மார்ட் ரிமோட்டும் எல்ஜியின் மேஜிக் ரிமோட்டும் இதே கலப்பு வகைதான். அந்த டிவிகளில் இன்ஃப்ராரெட் கண்ணும் இருக்கிறது என்பது நமக்கு நல்ல செய்தி, சாதாரண ரிமோட்டுக்கும் அவை கட்டுப்படும். குரல் கட்டளையும் எல்ஜியின் சுட்டி நகர்த்தலும் மட்டும் கிடைக்காது.

ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்தப் பெட்டி, என்ன பிராண்ட், மாடல் எண் என்ன, இன்ஃப்ராரெட்டா புளூடூத்தா. ரிமோட்டின் மாடல் எண் பெரும்பாலும் பேட்டரி மூடிக்கு உள்ளேயோ பின்பக்கத்திலோ இருக்கும். கூடவே இன்னொன்றும் எழுதுங்கள், ஒவ்வொரு ரிமோட்டிலும் நீங்கள் உண்மையில் அழுத்தும் பட்டன்கள் எவை என்று. ஐம்பது பட்டன் இருக்கும் ரிமோட்டில் வீட்டில் யாரும் பத்துக்கு மேல் தொடுவதில்லை.

வாங்குவதற்கு முன் சிஇசியைப் போட்டுப் பாருங்கள்

எச்டிஎம்ஐ கேபிளுக்குள்ளேயே கட்டளை போக ஒரு கம்பி இருக்கிறது. அதன் பெயர் சிஇசி. டிவி ரிமோட்டின் அம்புக்குறியை அழுத்தினால் அது டிவி வழியாக ஆண்ட்ராய்டு பெட்டிக்கோ ஃபயர் ஸ்டிக்குக்கோ போகும், டிவியை அணைத்தால் சவுண்ட்பாரும் அணையும், பெட்டியை எழுப்பினால் டிவி தானே சரியான எச்டிஎம்ஐக்கு மாறும். இது பல வீடுகளில் ஆஃப் ஆகிக் கிடக்கிறது, காரணம் ஒவ்வொரு கம்பெனியும் இதற்குத் தனிப் பெயர் வைத்திருப்பதுதான். சாம்சங்கில் அனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க், பானாசோனிக்கில் வியரா லிங்க், பிலிப்ஸில் ஈஸிலிங்க். டிவி செட்டிங்கில் இந்தப் பெயரைத் தேடி ஆன் செய்யுங்கள், பெட்டியின் செட்டிங்கிலும் எச்டிஎம்ஐ சிஇசி என்று இருந்தால் ஆன் செய்யுங்கள். சவுண்ட்பாரை டிவியில் ஏஆர்சி என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ துளையில்தான் செருக வேண்டும், மற்றதில் செருகினால் டிவியின் சத்தம் அதற்குப் போகாது, டிவி ரிமோட்டின் வால்யூம் பட்டன் சவுண்ட்பாரைக் கட்டுப்படுத்துவதும் அந்த வழியில்தான் ஒழுங்காக நடக்கும்.

எல்லாப் பெட்டியும் சிஇசிக்குக் கட்டுப்படும் என்று எதிர்பார்க்காதீர்கள், டீகோடர்களில் சில அசையவே அசையாது. ஆனாலும் டிவி, சவுண்ட்பார், யூடியூப் பெட்டி மூன்றும் ஒரே ரிமோட்டுக்கு வந்துவிட்டால் டிவி பக்கம் மிச்சம் டீகோடர் மட்டும்தான். இரண்டு ரிமோட் போதும் என்ற நிலைக்கு ஒரு காசு செலவில்லாமல் வந்துவிடுகிறீர்கள். நண்பர்கள் என்னிடம் கேட்டால் முதலில் இதைச் செய்துவிட்டு ஒரு வாரம் பார்க்கத்தான் சொல்வேன்.

யார் கையில் இருக்கப் போகிறது?

இதைச் சொல்லாமல் எந்த ரிமோட்டையும் பரிந்துரைக்க முடியாது. வயதானவர்கள் ஆஸ்ட்ரோவை எண்ணால்தான் அறிவார்கள். வானவில் 201, விண்மீன் 202, மனப்பாடம். மெனுவில் போய் அம்புக்குறியால் தேடும் பழக்கம் அவர்களிடம் இல்லை. அதனால் எண் பட்டன் இல்லாத ரிமோட் அந்த வீட்டுக்கு ஆகாது, எவ்வளவு விலை கொடுத்தாலும் ஆகாது. இப்போது வரும் ஒல்லியான, அழகான ரிமோட்டுகளில் பாதிக்கு எண் பட்டனே கிடையாது, கடையில் பார்க்கும்போது அது கண்ணில் படாது, வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

எண் பட்டன் பெரிதாக, இடைவெளியோடு, அழுத்தினால் விரலுக்குத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். தட்டையான தொடுதிரை ரிமோட்டில் பார்க்காமல் அழுத்த முடியாது, திரையைப் பார்த்துப் பார்த்து அழுத்துவது பார்வை மங்கியவர்களுக்குக் கொடுமை. பின்னொளி இருந்தால் நல்லது. பவர், வால்யூம், சேனல் மூன்றும் கட்டைவிரல் எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று கையில் பிடித்துப் பாருங்கள்.

போனையே ரிமோட்டாக்கிக்கொள்ளலாமே என்று பிள்ளைகள் சொல்வார்கள். சில ஷாவ்மி போன்களில் இன்ஃப்ராரெட் பல்பு இருக்கிறது, கூகுள் டிவி ஆப்பிலேயே ரிமோட் இருக்கிறது, ரிமோட் காணாமல் போன அன்றைக்கு இவை பெரிய உதவி. ஆனால் போனை மட்டும் நம்பினால், அந்தப் போன்காரர் வெளியே போன நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் டிவி பார்க்க முடியாது. மேசை மேல் பட்டன் வைத்த ஒரு ரிமோட் கட்டாயம் இருக்கட்டும்.

எந்த வகை உங்களுக்கு?

ஒரே ஒரு ரிமோட் கெட்டுப்போய்விட்டது, மற்றது எல்லாம் நன்றாக இருக்கிறது என்றால் யுனிவர்சலே வேண்டாம். அதே மாடல் எண்ணுக்கு மாற்று ரிமோட் கிடைக்கும். 'சாம்சங் டிவிக்கு', 'எல்ஜி டிவிக்கு' என்று பிராண்ட் போட்டு வருவதும் உண்டு, பேட்டரி போட்டால் போதும், பிராண்டுக்கான கோடு எண் எதையும் அழுத்த வேண்டியதில்லை.

கோடு போடும் ரிமோட் அடுத்தது. நான்கு இலக்கக் கோடை அழுத்தினால் உங்கள் பிராண்டின் கட்டளைகளை அது தன் நினைவிலிருந்து எடுத்துக்கொள்ளும். மலிவு. பெரிய பிராண்ட் டிவிக்குப் பிரச்சினை இருக்காது. நம் ஊரில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஆன்லைனில் வாங்கிய பெயர் தெரியாத சவுண்ட்பார், இலவச டிஜிட்டல் ஒளிபரப்பான எம்ஒய்டிவி பார்க்க வாங்கிய குட்டிப் பெட்டி மாதிரியானவற்றில். 2019இல் அனலாக் ஒளிபரப்பு நின்றபோது எத்தனையோ வீடுகளில் இந்தப் பெட்டிகள் வந்து சேர்ந்தன, அவற்றில் பலவற்றின் கோடு எந்தப் பட்டியலிலும் இருக்காது.

அதனால்தான் நான் லேர்னிங் ரிமோட்டைச் சொல்கிறேன். பழைய ரிமோட்டை எதிரே வைத்து அழுத்தினால் அது அனுப்பும் சிக்னலை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். பிராண்ட், கோடு, பட்டியல் எதுவும் தேவையில்லை. ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக் 1987இல் கோர் என்ற ரிமோட்டைக் கொண்டுவந்ததும் இதே யோசனையில்தான். இன்று சீனத் தயாரிப்பான சங்ஹாப் மாதிரி மலிவு ரிமோட்டுகளிலேயே இந்த வசதி வந்துவிட்டது, சற்று உயர்ந்த தரத்துக்கு ஒன் ஃபார் ஆல் இருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை: பழைய ரிமோட் உயிரோடு இருக்க வேண்டும். பட்டன்கள் தேய்ந்து, இரண்டு முறை அழுத்தினால் ஒரு முறை வேலை செய்கிற நிலையில் உங்கள் டீகோடர் ரிமோட் இருந்தால், தள்ளிப்போடாமல் இந்த வாரமே லேர்னிங் ரிமோட் வாங்கிச் சிக்னலைப் பிடித்து வைத்துவிடுங்கள். முழுதாகச் செத்த பிறகு பிடிக்க ஒன்றும் இருக்காது.

புளூடூத் பெட்டியை இவை எதுவும் தொடாது. அதற்கு மூன்று வழி. சிஇசி முதல் வழி, மேலே சொன்னதுதான். ஃபிளிர்க் என்று ஒரு சின்ன யுஎஸ்பி சாதனம் இருக்கிறது, ஆண்ட்ராய்டு பெட்டியின் யுஎஸ்பி துளையில் செருகினால் அந்தப் பெட்டிக்கு இன்ஃப்ராரெட் கண் வந்துவிடும், நீங்கள் விரும்பும் ரிமோட்டை அதற்குப் பழக்கலாம். மூன்றாவது, சோஃபாபேட்டன் மாதிரி புளூடூத்தும் சேர்ந்த ரிமோட், விலை கூடும். ஆப்பிள் டிவி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அதன் செட்டிங்கில் ரிமோட் பகுதியிலேயே வேறொரு ரிமோட்டைக் கற்றுக்கொள்ளும் வசதி இருக்கிறது, அதற்கு இன்ஃப்ராரெட் கண்ணும் இருக்கிறது.

ஒரே பட்டனில் டிவி ஆன், டீகோடர் ஆன், எச்டிஎம்ஐ 1 என்று வரிசையாக நடக்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான பவர் பட்டன்கள் ஆன், ஆஃப் இரண்டுக்கும் ஒரே சிக்னலைத்தான் அனுப்பும். டிவி ஏற்கெனவே ஆனில் இருக்கும்போது அந்த வரிசையை ஓட்டினால் டிவி அணைந்து டீகோடர் மட்டும் எழும், எல்லாம் தலைகீழ். ஆனுக்குத் தனி, ஆஃபுக்குத் தனி என்று இரண்டு கோடு தரும் ரிமோட்டாக இருந்தால்தான் இது உறுதியாக நடக்கும். லாஜிடெக்கின் ஹார்மனி எது ஆனில் இருக்கிறது என்று கணக்கு வைத்துக்கொண்டு இதைச் சமாளித்தது, அதனால்தான் அதற்கு அவ்வளவு பெயர். 2021 ஏப்ரலில் அதன் தயாரிப்பை நிறுத்துவதாக லாஜிடெக் அறிவித்துவிட்டது. பழையது இன்னும் விற்பனைக்கு வருகிறது, ஆனால் அதை அமைப்பதற்கு அந்தக் கம்பெனியின் சர்வர் வேண்டும், அதனால் பெரிய தொகை கொடுத்து வாங்காதீர்கள்.

ஏர்கோனும் ஃபேனும் தனிக்கதை

டிவி ரிமோட்டில் வால்யூம் பட்டன் 'ஒரு படி ஏற்று' என்று மட்டும் சொல்லும். ஏர்கோன் ரிமோட் அப்படி இல்லை. எந்தப் பட்டனை அழுத்தினாலும் அதன் திரையில் தெரியும் மொத்த நிலையையும், கூல் மோட், 24 டிகிரி, காற்றின் வேகம், இறக்கையின் கோணம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அனுப்பும். அதனால் லேர்னிங் ரிமோட்டுக்கு 'வெப்பத்தைக் கூட்டு' பட்டனைக் கற்றுக்கொடுத்தால், அப்போது திரையில் என்ன இருந்ததோ அதுதான் ஒவ்வொரு முறையும் போகும். 25ஐக் காட்டியபோது பிடித்திருந்தால் எத்தனை முறை அழுத்தினாலும் 25தான்.

இதையே நமக்கு வசதியாக மாற்றிக்கொள்ளலாம். ஏர்கோன் ரிமோட்டில் உங்களுக்குப் பிடித்த நிலையை வைத்து, அணைத்து, ஆன் அழுத்தும்போது அந்தச் சிக்னலை ஒரு பட்டனில் பிடியுங்கள். ஆஃபை இன்னொரு பட்டனில் பிடியுங்கள். இரண்டே பட்டன், வீட்டில் பெரும்பாலான நாளுக்குப் போதும். ஏர்கோன் சிக்னல் நீளமானது, எல்லா மலிவு ரிமோட்டும் அதைப் பிடிக்காது, அப்போது ஏர்கோனுக்கென்றே வரும் யுனிவர்சல் ரிமோட்டைத் தனியாக வாங்கிச் சுவரில் மாட்டிவிடுவது மேல்.

சீலிங் ஃபேன் ரிமோட்டையும் கேமராவில் பாருங்கள். மின்னவில்லை, பேட்டரியும் புதிது என்றால் அது ரேடியோ அலை. இன்ஃப்ராரெட் ரிமோட்டால் அதை இயக்க முடியாது. பிராட்லிங்க் ஆர்எம்4 புரோ மாதிரி, போனிலிருந்து வைஃபையில் கட்டளை வாங்கி அனுப்பும் ஹப் பெட்டி 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவையும் அனுப்பும், ஆர்எம்4 மினி அனுப்பாது, பெயர் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் வாங்கும்போது குழப்பம் வருகிறது. இந்த ஹப்புகள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள். வைஃபை, புளூடூத் உள்ள எதை வாங்கினாலும் எம்சிஎம்சி (மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்) லேபிள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டோகேட் ரிமோட்டை இதில் சேர்க்க வேண்டாம், அது வீட்டின் பாதுகாப்பு, தனியாகவே இருக்கட்டும்.

எங்கே வாங்குவது

செத்துப்போன ரிமோட்டுக்கு மாற்று தேடுகிறீர்கள் என்றால் புடுவில் ஜாலான் பசார். எலக்ட்ரானிக் உதிரிபாகக் கடைகள் நிறைந்த தெரு அது, பழைய ரிமோட்டைக் கையில் கொண்டுபோய் கடை முதலாளி தவுக்கேயிடம் காட்டினால் போதும், வாயால் விளக்க வேண்டியதில்லை. ஹப், புளூடூத் வகை என்றால் பிளாசா லோயாட்டில் பார்க்கலாம். சாதாரண டிவி ரிமோட்டும் ஏர்கோன் ரிமோட்டும் மிஸ்டர் டிஐஒய் வரை எல்லா இடத்திலும் கிடைக்கிறது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்குவதை நான் தவிர்ப்பேன், கோடு தாள் இல்லாமல் கொடுத்துவிடுவார்கள், அது இல்லாமல் பாதி நேரம் ஒன்றும் செய்ய முடியாது. ஷாப்பி, லாசாடாவில் வாங்கினால் உங்கள் மாடல் எண்ணைத் தேடும் பெட்டியில் போட்டு, வாங்கியவர்கள் எழுதியதில் அதே எண் வருகிறதா என்று பார்த்து, விற்பவருக்கு ஒரு செய்தி அனுப்பிக் கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. லேர்னிங் இருக்கிறதா? பேட்டரியைக் கழற்றினால் கற்றது அழியுமா? இரண்டாவது முக்கியம். பேட்டரி மாற்றும் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் திரும்பக் கற்றுக்கொடுக்க வேண்டிய ரிமோட்டை வாங்கவே கூடாது. முடிந்தால் கடையிலேயே உங்கள் பழைய ரிமோட்டை வைத்து ஒரு பட்டனைக் கற்றுக்கொடுத்து, பேட்டரியைக் கழற்றிப் போட்டுப் பாருங்கள்.

வீட்டில் அமைப்பது

இரண்டு ரிமோட்டிலும் புது பேட்டரி போடுங்கள். பழைய பேட்டரியில் சிக்னல் பலவீனமாகி, தப்பாகப் பதிவாகும். வெயில் நேராக விழாத மேசையில், பளிச்சென்ற விளக்குக்குக் கீழே இல்லாமல், இரண்டின் முனையும் ஒன்றையொன்று பார்க்கும்படி இரண்டு மூன்று விரல் இடைவெளியில் படுக்க வையுங்கள். கையில் பிடித்துக்கொண்டு செய்தால் ஆடும்.

பெரும்பாலான ரிமோட்டில் நடைமுறை இப்படித்தான்: செட் அல்லது லேர்ன் பட்டனை விளக்கு நிலையாக எரியும்வரை அழுத்திப் பிடியுங்கள், புது ரிமோட்டில் எந்தப் பட்டனுக்கு வேண்டுமோ அதை ஒருமுறை அழுத்துங்கள், பிறகு பழைய ரிமோட்டில் அதே வேலைக்கான பட்டனை அழுத்துங்கள், விளக்கு சிமிட்டினால் பதிந்துவிட்டது. சட்டென்று தட்டுவதா அழுத்திப் பிடிப்பதா என்பது ரிமோட்டுக்கு ரிமோட் மாறும், கூட வரும் தாளைப் பாருங்கள். ஒவ்வொரு பட்டனையும் கற்றுக்கொடுத்த கையோடு டிவியில் சோதியுங்கள், கடைசியில் மொத்தமாகச் சோதித்தால் எது தவறியது என்று தேட வேண்டிவரும். எண் பட்டன்களைப் பதிந்த பிறகு 2, 0, 1 என்று வேகமாகவும் மெதுவாகவும் அழுத்திப் பாருங்கள். ஒரு அழுத்தலுக்கு இரண்டு எண் விழுந்தால் அந்த எண்ணை மட்டும் திரும்பக் கற்றுக்கொடுங்கள்.

பட்டன்களைக் கலந்து வைப்பதில்தான் இந்த ரிமோட்டின் உண்மையான பலன் இருக்கிறது. ரிமோட்டை டீகோடருக்கான நிலையில் வைத்து, அதிலேயே வால்யூம் பட்டனுக்குச் சவுண்ட்பாரின் சிக்னலையும், ஒரு வண்ணப் பட்டனுக்கு டிவியின் எச்டிஎம்ஐ 1ஐயும் கற்றுக்கொடுங்கள். டிவியின் அசல் ரிமோட்டில் நேரடி எச்டிஎம்ஐ பட்டன் இல்லையென்றால் சோர்ஸ் பட்டனைக் கற்றுக்கொடுங்கள். ஆஸ்ட்ரோவுக்குத் திரும்ப உதவும் அந்தப் பட்டனில் சிவப்பு நகப்பூச்சு ஒரு சொட்டு வையுங்கள், காய்ந்தால் மேடாக நிற்கும், விரலே கண்டுபிடித்துவிடும், ஸ்டிக்கர் மாதிரி வியர்வையில் உரியாது. தேவையில்லாத பட்டன்களை, குறிப்பாக செட் பட்டனை, டேப் போட்டு மூடிவிடுங்கள்.

பாட்டியிடம் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். அணைத்த டிவியைப் போட்டு, 201க்குப் போய், சத்தத்தைக் கூட்டி, பேரன் விட்டுப்போன எச்டிஎம்ஐ 2இலிருந்து திரும்பி வரச் சொல்லுங்கள். எங்கே விரல் தயங்குகிறதோ அந்தப் பட்டனை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், திரும்பவும் கொடுங்கள்.

பழைய ரிமோட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். டிவியின் உள் செட்டிங், டீகோடர் அப்டேட் மாதிரி எப்போதாவது தேவைப்படும் வேலைகளுக்கு அவைதான் வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு வையுங்கள், நம் ஊர்ச் சூட்டுக்கு பேட்டரி கசிந்து ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். எந்தப் பெட்டிக்கு எது என்று பின்னால் எழுதி, கோடு தாளையும் கூடவே போட்டு, ஒரே ஜிப் பையில் டிவி மேசை டிராயரில் வையுங்கள்.